ஆயில் இன்னும் மாற்றவில்லை

மார்ச் 3, ஞாயிறு

கார் வாங்கிவிட்டேன். பல கை மாறிய வண்டி. விற்றவர், "ஒரு டாக்டர் வச்சிருந்தது மேடம், பிரேக்கக்கூட வலிக்காம மிதிப்பார்" என்றார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்குப் புத்தி எங்கே போயிற்று? எனக்கு அந்தச் சாம்பல் நிறம் பிடித்துப்போயிற்று. புத்தியை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மாவின் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். பின்னால் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கார் என்றதும் செய்தியின் சத்தம் குறைந்தது. பிறகு அப்பாவின் குரல், அம்மாவிடம்: "ஆயில் மாத்தினாளான்னு கேளு."

நான் என் கணவனை விட்டுத் தனியாக வந்த நாளிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கறாராகப் பார்த்தால் இன்று பேசியதும் அம்மாவோடுதான். ஆனால் கேள்வி எனக்கு.

மார்ச் 4

டேஷ்போர்டுக்குள் வண்டியின் கையேடு கிடைத்தது. எந்த ஆயில், எத்தனை லிட்டர், எந்த ஃபில்டர், எல்லாம் ஒரே பக்கத்தில். ஃபைவ் டபிள்யூ தர்ட்டி. தண்ணி மாதிரி இருக்கும் ரகம். விஷயம் முடிந்தது. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள் நான், இதைவிடப் பொடி எழுத்தெல்லாம் தினமும் படிக்கிறேன்.

அப்படியும் அம்மாவிடம், "என்ன ஆயில் போடறதுன்னே தெரியலம்மா, தலை சுத்துது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ஏன் என்று எனக்குத் தெரியும்.

"அவகிட்ட சொல்லு" என்றது பின்குரல். "பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்தான். என் வண்டிக்கு நான் அதத்தான் ஊத்தினேன்."

அப்பா மெக்கானிக் இல்லை. நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் ஒரு கார் வைத்திருந்தார், ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். அந்தத் தகுதியே ஆயுளுக்கும் போதும் அவருக்கு.

மார்ச் 7

வேலை முடிந்து பட்டறைக்குப் போய் ஆயிலையும், ஆயில், ஏர், ஏசி என்று மூன்று ஃபில்டர்களையும் மாற்றிவிட்டேன். கையேடு சொன்ன ஆயில்தான். எங்கள் வீட்டு அரசியலுக்காக இன்ஜின் காத்திருக்குமா?

பழைய ஆயில் தார் மாதிரி இறங்கியது. "இத ஆயில்னு சொன்னா ஆயில் கோவிச்சுக்கும் மேடம்" என்றார் மெக்கானிக். ஏர் ஃபில்டருக்குள் காய்ந்த இலைகளும் ஒரு இறகும் இருந்தன. டாக்டர் கோழிக்கும் வைத்தியம் பார்த்திருப்பார் போல. புது ஆயில் தேன் நிறம். புது ஆயில் ஃபில்டரின் மேல் வெள்ளைப் பேனாவால் இன்றைய தேதியை எழுதினார்.

"இது எதுக்கு?"

"எப்ப மாத்தினோம்னு எல்லாரும் மறந்துடறாங்க மேடம்."

வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 8

"இன்னும் மாத்தலம்மா. கெட்டின்னா எவ்வளவு கெட்டி?"

அப்பா ஆரம்பித்தார். நடுவில் அம்மா அடுப்பை அணைக்க எழுந்து போய்விட்டாள். அவர் நிறுத்தவில்லை. ஆளில்லாத அறையில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

இன்று ஃபில்டர். "விலை அதிகம்னா ஒசத்தின்னு அர்த்தமில்லன்னு அவகிட்ட சொல்லு." உடனே அடுத்த மூச்சில், "யானை வாங்கினவ அங்குசத்துக்குக் கஞ்சத்தனம் பண்ணக்கூடாதுன்னும் சொல்லு."

நான் எதை வாங்க வேண்டும்? நல்லவேளை, வாங்கியாயிற்று.

மார்ச் 11

"ஏர் ஃபில்டர சோப்பு போட்டுக் கழுவிடட்டுமாம்மா?" வேண்டுமென்றே கேட்டேன். பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்தே நின்றுவிட்டார்.

மார்ச் 12

ஏசிக்கென்று தனி ஃபில்டர் இருப்பது அப்பாவுக்குத் தெரியவில்லை. அவர் காரில் ஏசி கிடையாது. பின்னால் அமைதியாகிவிட்டது. சட்டென்று பேச்சைக் கெட்டி ஆயிலுக்குத் திருப்பிவிட்டேன். பாவம்.

மார்ச் 14

பேராசைப்பட்டேன். அரைத்த மாவையே மறுபடி அரைத்தேன். கெட்டியா, தண்ணியா என்று நாலாவது தடவை.

"எல்லா முடிவையும் தனியா எடுக்கத் தெரிஞ்சவளுக்கு ஒரு டப்பா ஆயில் எடுக்கத் தெரியலையாமா?"

அம்மா அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தாள். கேட்டாயிற்று.

ஆமா, தனியாத்தான் எடுத்தேன். யாரும் கூட வரல, அதனால தனியா எடுத்தேன். அந்த வீட்ல நான் எப்படி இருந்தேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா? ஆயில் மாத்தினாளான்னு கேக்கத் தெரியுது, சாப்பிட்டியான்னு கேக்கத் தெரியல.

இனிமே போன் பண்ண மாட்டேன்.

மார்ச் 15

பண்ணவில்லை.

மார்ச் 18

பண்ணவில்லை. வண்டி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. சொல்லத்தான் ஆளில்லை.

மார்ச் 20

லேபில் ஒருவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அப்பாவின் எண். பதறிப்போய் எடுத்தேன்.

"என்னப்பா, அம்மாவுக்கு எதாவதா?"

"அம்மாவுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. ஆயில் வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் வண்டிய எடுக்காத."

"சரிப்பா."

வைத்துவிட்டார். 'அவகிட்ட சொல்லு' இல்லை. நேராக என்னிடம் பேசினார். கட்டிய பட்டையை மறந்து நின்றுகொண்டிருந்தேன். "மேடம், கை மரத்துப்போச்சு" என்றார் அந்த மனிதர்.

மார்ச் 21

சந்தோஷம் இறங்கிப் பயம் ஏறிவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். வந்து பானெட்டைத் திறப்பார். உள்ளே தேன் நிறத்தில் புது ஆயில். இத்தனை நாளும் இவள் நம்மை வைத்து விளையாடியிருக்கிறாள் என்று தெரிந்தால்? அடுத்த மௌனம் எத்தனை வருடத்துக்கு?

மெக்கானிக்கிடம் போய்க் கொஞ்சம் பழைய ஆயில் கேட்டேன், இன்ஜினில் ஆயில் பார்க்கும் அளவுக் கம்பியில் தடவ. குழந்தைக்குக் கொடுக்க விஷம் கேட்டதுபோலப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லிடலாமே மேடம்."

இந்த யோசனைக்கு மட்டும் உலகத்தில் பஞ்சமே இல்லை.

மார்ச் 23

கிரீஸில் மண்ணைக் குழைத்து, ஃபில்டரின் மேல் இருந்த தேதியை மறைத்துப் பூசினேன். இத்தனை வருட வேலையில் ஒரு சாம்பிளில் கூடக் கைவைத்ததில்லை. இன்று வைத்துவிட்டேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் அல்லவா.

கம்பியை ஒன்றும் செய்ய முடியாது. அப்பாவின் கண்ணாடி பழசு, அதுதான் ஒரே நம்பிக்கை.

மார்ச் 24, ஞாயிறு

பஸ்ஸில் வந்தார். ஒரு கையில் ஆயில் கேன், இன்னொரு கையில் பழைய துணி மூட்டை. இளைத்திருக்கிறார். வீட்டுக்குள் வரவில்லை. "வண்டி எங்க?" என்றார்.

பானெட்டைத் திறந்தார். அளவுக் கம்பியை உருவித் துடைத்தார், மறுபடி விட்டு எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியை மாற்றிவிட்டார் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

குனிந்து ஃபில்டரைத் துணியால் துடைத்தார். கிரீஸ் போயிற்று. வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரிந்தது. மார்ச் ஏழு. சோப்பு போட்டுக் கழுவட்டுமா என்று நான் கேட்டதும், அவர் எழுந்து நின்றதும், எல்லாம் அதற்குப் பிறகுதான். அப்பாவுக்கு அந்தக் கணக்குப் புரியாமல் இருக்குமா? "அப்பா..." என்றேன்.

அவர் திரும்பவில்லை. துணியில் ஒட்டியிருந்த கிரீஸைக் கட்டைவிரலால் வழித்தார். அதை எடுத்து, அந்தத் தேதியின் மேல் மெதுவாகத் திருப்பிப் பூசினார். ஒரு எழுத்துகூடத் தெரியாதபடி, என்னைவிட நன்றாக.

"ஆயில் ரொம்பக் கருப்பா இருக்கு" என்றார்.

"ஆமாப்பா."

"இன்னைக்கு மாத்த முடியாது. இந்த ஃபில்டர் சரியில்ல. நல்லதா பாக்கணும். நாலு கடை ஏறி இறங்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமையும் வர வேண்டியிருக்கும்."

"வாங்கப்பா."

அழுகை வந்துவிட்டது. பானெட்டுக்குள் தலையை விட்டு எதையோ தேடினேன். முதுகுக்குப் பின்னால் கேட்டார்: "சாப்பிட்டியா?"

"இல்லப்பா."

"எனக்கும் பசிக்குது" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

மார்ச் 31, ஞாயிறு

அப்பா வந்தார். முன்சீட்டில் உட்காரவைத்து ஊரைச் சுற்றினேன். ஒரு கடைக்கும் போகவில்லை. அவர் வாங்கிய கெட்டி ஆயில் பிரிக்காமல் சமையலறை மூலையில் இருக்கிறது.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "என்னதான் நடக்குது அங்க? ஆயில் மாத்தியாச்சா இல்லையா?"

இன்று என் போன் ஸ்பீக்கரில் இருந்தது. சோபாவில் படுத்தபடி அப்பா சொன்னார்: "அவகிட்ட சொல்லு. இன்னும் ஃபில்டர் கிடைக்கல."