இசக்கியம்மாளின் ஆறு பொட்டுகள்

செவ்வாய்ச் சுற்று நிலையம். எழுதுபவன்: கண் பரிசோதகன் தங்கராசு.

நாள் 212, 07:30
இதைக் கண்டெடுப்பவர் தாராளமாகச் சிரிக்கலாம். போன மாதம் என் இடது விழித்திரைப் படத்தில் இரண்டு ரத்தப் பொட்டுகள். சர்க்கரை கண்வரை ஏறிவிட்டது என்று தெரிந்தால் என் மைசூர்பாகை நிறுத்திவிடுவார்கள். எனவே பொட்டுகள் துலங்கப் படத்தின் கான்ட்ராஸ்டைக் கூட்ட வேண்டிய நானே குறைத்தேன். பொட்டுகளை வழித்துத் துடைத்துப் பதிவேட்டில் ஏற்றினேன். ஐம்பத்திரண்டு வயதில் திருட்டுத் தீனி. மற்றபடி எல்லாம் ஒழுங்கு.

08:50
விமானி இசக்கியம்மாள் இன்று தனியாகச் செவ்வாயில் தரையிறங்குகிறாள். அவளுக்கும் சர்க்கரை. கலத்திலிருந்து அனுப்பிய விழித்திரைப் படம் கஞ்சித் தண்ணீர்போல மங்கல். ரத்தம் எடுப்பாகத் தெரியப் பச்சை நிறத்தை மட்டும் பிரித்துக் கான்ட்ராஸ்டைக் கூட்டினேன். நான்கு பொட்டு.

09:20
இன்னும் கூட்டினேன். பின்னணி வெளுத்தது. ஆறு. ஒன்று நகர்ந்த மாதிரி இருந்தது. திரைக்கும் என்னைப்போல் வயதாகிறது. இறங்கும் அழுத்தத்தில் கண்ணுக்குள் ரத்தம் கசிந்தால், பாதி வழியில் அவளுக்குப் பார்வை போய்விடும். ரேடியோவில் அவளிடம் சொன்னேன்.

“அண்ணாச்சி, எனக்கு எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. நீங்க என்ன, கோலப்புள்ளியா எண்ணுதிய?”

09:40
விமானிக்குக் கண் சரியில்லை என்றால் கலத்தைப் பூட்டும் அதிகாரம் எனக்கு உண்டு. கட்டுப்பாட்டை அவள் கையிலிருந்து பறித்துத் தானியங்கிக்கு மாற்றிப் பூட்டினேன். போன முறை சரக்குக் கலத்தைப் பாறையில் மோதிய அதே தானியங்கிதான். இருந்தாலும் கண் தெரியாமல் இறங்குவதற்கு அது தேவலை. பூட்டைத் திறக்க என் இடது கண்ணைக் காட்டினால் போதும். இதுவரை அவசியம் வந்ததில்லை.

“விடுங்க அண்ணாச்சி, நான் எறங்கிட்டுத் திரும்பி வந்து ஒங்கள வச்சிக்கிடுதேன்.”

10:10
திரையை விட்டு நிமிர்ந்தேன்.
வெள்ளைச் சுவரில் ஆறு பொட்டு.
இடது கண்ணை மூடினேன். சுவர் சுத்தம்.
வலது கண்ணால் மட்டும் அவள் படத்தைப் பார்த்தேன். அதுவும் சுத்தம்.

10:11
“அண்ணாச்சி! இது நேரா பாறைக்குல்லா போவுது! கைக்கு மாத்துங்க, வெரசா!”

பூட்டின் முன் குனிந்தேன். ‘கண் பொருந்தவில்லை.’

10:12
கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி. பொருந்தவில்லை. மறுபடி. பொருந்த

“அண்ணாச்சி, இருக்கியளா?”

10:13
பூட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது போன மாதம் பதிவேட்டில் நான் ஏற்றிய என் படத்தோடு. அதில் ஒரு பொட்டுகூட இல்லை.