நாற்பது இறாலும் ஒரு பிரானாவும்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் தின்னவில்லை. சனிக்கிழமை தம்பி ரொனி கட்டாருக்குப் போகிற வழியில் தொட்டியோடு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன மீன். மாமிசம் தின்னும் பிரானாவாம். என் பெருவிரல் நீளம்கூட இல்லை. தொட்டிக்குள் கிடக்கும் உடைந்த பூச்சட்டிக்குள் புகுந்துகொண்டு ஒரு கண்ணை மட்டும் காட்டுகிறது.

ஏன் என்னிடம் தந்தான்? மூன்று வருடமாக என்னோடு பேசாதவன். செத்தால் பழியை என் தலையில் போடலாம் என்றா? “அண்ணே, ரெண்டு வருசம் பாத்துக்கங்க. ரொம்பக் கூச்சம். சின்ன இறால் குடுங்க.” அவ்வளவுதான். கேற்றைத் தாண்டி உள்ளே வரவில்லை.

மார்ச் 5, விபூதிப் புதன்

இன்றிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை வீட்டில் இறைச்சி இல்லை, மீன் இல்லை, நெத்தலிகூட இல்லை. என் மனைவி கொறற்றி தவக்காலத்தில் சுவாமியாரைவிடக் கண்டிப்பு. காலையில் நான் தின்ற பாணில் ஒரு துண்டை மீனுக்குப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர்தான் கலங்கியது.

மார்ச் 7, வெள்ளி

கட்டாரிலிருந்து ரொனி போன் எடுத்தான். அவனுக்கு வெள்ளிதான் லீவு.

“சாப்பிட்டுச்சா?”

“இல்ல.”

“சரி.” வைத்துவிட்டான்.

மூன்று வருடத்தில் முதல் போன். ஒரு மீனுக்காக! அம்மாவின் அடக்கத்தன்று அவளுடைய சங்கிலியைக் காணவில்லை. நான் ரொனியைத்தான் சந்தேகப்பட்டேன். சொந்தக்காரர் எல்லாரும் பார்க்க அவன் பையைத் தரையில் கொட்டினேன். இரண்டு சேர்ட்டும் ஒரு டப்பா மீன் தீனியும் விழுந்தன. சங்கிலி இல்லை. அன்று போனவன்.

இந்த மீன் செத்தால் அடுத்த வெள்ளி போன் வராது. அது நன்றாகத் தெரியும்.

மார்ச் 8, சனி

கண்டி மார்க்கெட்டில் சின்ன இறால் நாற்பது. எண்ணித்தான் வாங்கினேன். மீன்கடை முனாப் விடுவானா? “நாங்களும் நோன்பு, நீங்களும் நோன்புங்கிறீங்க. பொறகு ஆருக்கண்ணே இந்த இறால்?” மீனுக்கு என்றேன். மீன் கடையில் நின்று மீனுக்குச் சாப்பாடு வாங்குகிறவனை இன்றுதான் பார்க்கிறானாம்.

ஒரு டப்பாவில் போட்டு பிரிட்ஜ் ஐஸ் பெட்டியில் வைத்தேன். தொட்டிக்குக் கிட்ட என்னைத் தவிர யாரும் போகக் கூடாது என்று கொறற்றியிடம் சொல்லிவிட்டேன். “நீங்களாச்சு ஒங்க மீனாச்சு” என்றாள். ஏன் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாள்?

மார்ச் 12, புதன்

தினமும் மாலை ஆறிலிருந்து ஏழு வரை கதிரையைத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்காருகிறேன். இறாலை நூலில் கட்டித் தொங்கவிட்டு, டோர்ச் அடித்துப் பார்க்கிறேன். நான் கண் சிமிட்டுவதில்லை. அதுவும் சிமிட்டுவதில்லை. காலையில் ஊறிப்போன இறாலை எடுத்து எறிகிறேன்.

ஆபீசில் கணேஸ் சிரிக்கிறான். “அது பிரானாவே இல்லண்ணே. யாரோ ஒங்க தம்பி தலையில மிளகா அரைச்சிருக்கான்.” இருக்கலாம். அல்லது ரொனி தெரிந்தே என் தலையில் அரைக்கிறானா?

மார்ச் 14, வெள்ளி

“சாப்பிட்டுச்சா?”

“இல்லடா.”

“முயற்சி பண்ணுங்க.” வைத்தான்.

மார்ச் 18, செவ்வாய்

ஒன்று விளங்கவில்லை. பதினேழு நாள் பட்டினி கிடந்த மீனுக்கு வயிறு ஒட்ட வேண்டாமா? கொஞ்சம் உருண்டிருக்கிறது. நோயோ? அல்லது வேறு ஏதாவது நடக்கிறதோ?

மார்ச் 20, வியாழன்

காலையில் டப்பாவை எண்ணினேன். நேற்றுவரை நான் எடுத்தது பன்னிரண்டு. இருபத்தெட்டு இருக்க வேண்டும். இருபத்தொன்று இருக்கிறது. மறுபடி எண்ணினேன். இருபத்தொன்றுதான்.

ஏழு இறால் எங்கே?

இந்த வீட்டில் இருப்பது நானும் அவளும் மட்டும்.

மார்ச் 24, திங்கள்

ஐந்து நாளாகக் காலையும் மாலையும் எண்ணுகிறேன். வியாழன் ஒன்று குறைந்தது. வெள்ளி ஒன்று. சனி, ஞாயிறு குறையவில்லை. இன்று மறுபடி ஒன்று. நான் ஆபீஸ் போகிற நாளில் மட்டும்! அப்பளம் பொரிக்கிற தாச்சியை மோந்து பார்த்தேன். வாசனை இல்லை. நன்றாகக் கழுவியிருப்பாள். வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் முழங்காலில் நின்று அழுகிறவள்!

மார்ச் 25, செவ்வாய்

கேட்டுவிட்டேன். வாயை அடக்க முடியவில்லை. “தவக்காலத்தில ஒளிச்சு இறால் பொரிச்சுத் திங்கிறியா?”

அவள் பீட்ரூட் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

“என் பையையும் கொண்டாந்து தரவா? கொட்டிப் பாக்குறீங்களா?”

ஐயோ. அதோடு அறைக்குப் போனவள்தான். எனக்குச் சோறு போட்டு மூடி வைத்திருந்தாள். திறக்காமலே பிரிட்ஜில் வைத்தேன்.

நான் கேட்டது தப்பா? அப்படியென்றால் இறால் எங்கே போகிறது?

மார்ச் 26, புதன்

அரை நாள் லீவு. வயிற்றுவலி என்று பொய் சொன்னேன். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் வந்து, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகப் போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். என் சொந்த வீட்டில் கள்ளனைப்போல.

கொறற்றி தொட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். தொட்டியில் நூல். நூலில் இறால்.

மூன்றாவது அருள் நிறைந்த மரியேயில் அது பூச்சட்டியை விட்டு வெளியே வந்தது. நின்றது. இன்னும் கொஞ்சம் வந்தது. பிறகு ஒரே இழுப்பு! நூல் ஆடியது. அவள் திரும்பவில்லை. “சாப்பிடுங்க தம்பி, யாரும் பாக்கல” என்றுவிட்டு அடுத்த மணியைப் பிடித்தாள்.

நான் ஜன்னலில் நின்று அழுதேன். வேறென்ன செய்ய?

உள்ளே போய், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா கிட்ட வந்து ஒக்காந்து பாப்பீங்க. நீங்க பாக்குற பார்வையில யாருக்குங்க சோறு எறங்கும்?”

மன்னிப்புக் கேட்டேன். தாச்சியை மோந்ததையும் சொன்னேன். அதற்குத்தான் அதிகம் கோபித்தாள்.

மார்ச் 28, வெள்ளி

“சாப்பிட்டுச்சா?”

“சாப்பிடுது. அண்ணிதான் குடுக்கிறா.”

“எனக்குத் தெரியும்” என்றான். சிரித்த மாதிரி இருந்தது. பையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

சொல்லிவிட்டேன். “ரொனி, அன்னைக்கி ஒன் பையைக் கொட்டினது தப்புடா.”

“சங்கிலி கெடச்சிருச்சா?” என்றான்.

“இல்ல.”

“அப்ப என்னத்துக்குச் சொல்றீங்க?”

“கெடைக்காட்டியும் தப்புத்தான்.”

போனை வைத்துவிட்டான்.

ஏப்ரல் 11, வெள்ளி

போன் வரவில்லை. ஏழு மணி. எட்டு. ஒன்பது.

மீன் இருக்கிறது, கொழுத்துப்போய். மீன் இருந்தும் போன் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ? எடுப்போமா என்று அவன் நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொறற்றி போனை வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்தாள். “அவரையும் முறைச்சுப் பாக்காதீங்க. வருவாரு.”

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

வரவில்லை.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

காலைப் பூசை முடிந்து வந்தோம். கொறற்றி குசினியில் கோழிக்கறி வைத்துக்கொண்டிருந்தாள். இன்று மீனுக்கு நான்தான். இறாலைக் கட்டித் தொங்கவிட்டு, கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். முதுகு கூசியது. திரும்பிப் பார்க்க வேண்டும்போல் கழுத்து நமைத்தது. பார்க்கவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. வெள்ளி இல்லை. ஞாயிறு.

“சாப்பிட்டுச்சா?”

“தெரியலடா. நான் பாக்கல. சாப்பிட்டிருக்கும்.”

மற்ற நாளென்றால் இதோடு வைத்துவிடுவான். இன்று வைக்கவில்லை.

“நீங்க சாப்பிட்டீங்களா அண்ணே?”

இன்னும் இல்லை, கறி அடுப்பில் இருக்கிறது என்றேன். என்ன கறி என்று கேட்டான்.