சுவரோரம் போன பெட்டி

நேற்று உன் அம்மா உன் போனை என் கையில் கொடுத்தார். "நீயே வச்சுக்கம்மா, எனக்கு இதுல என்ன தெரியும்." சார்ஜ் போட்டுத் திறந்தேன். நாம் ஆடும் அந்தப் பெட்டி தள்ளும் ஆட்டம் விட்ட இடத்திலேயே நிற்கிறது. ஒரு பெட்டி சுவரோரம் கிடக்கிறது. அங்கே தள்ளியது நான்தான்.

பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் ஆபீசுக்குப் போகும் பஸ்ஸில், ஒரே போனில் மாறி மாறி ஆடுவோம். தரையில் புள்ளி வைத்த இடத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோக வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. மூலையில் மாட்டினால் தீர்ந்தது என்று எனக்கும் தெரியும். நீ அதற்கு வெகு முன்பே பார்த்துவிடுவாய். பெட்டி சுவரை ஒட்டியதுமே, "அந்தச் சுவரோரம் புள்ளியே இல்லடி, முதல்லேருந்து ஆடு" என்பாய். எனக்கு வீம்பு. "இன்னும் நகருது பாரு" என்று இருபது தடவை தள்ளுவேன்.

"நகரும். போய்ச் சேராது," என்று சொல்லிவிட்டு ஒரத்தநாடு வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருவாய்.

போன டிசம்பரில், உனக்கு வைத்தியம் பார்த்துவந்த தஞ்சாவூர் டாக்டர், "இனி வலிக்கு மட்டும் மருந்து தரலாம், வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க" என்றார். நீ தலையாட்டினாய். வீட்டுக்கு வந்ததும், கிறிஸ்துமஸ் குடிலில் வயல் வைக்க, வருஷா வருஷம் செய்வது போலத் தாம்பாளத்தில் நெல்லை முளைக்கப் போட்டாய். நான்தான் சென்னையில் இன்னொரு ஆஸ்பத்திரி இருக்கிறதென்று உன் அம்மாவைக் கரைத்தேன். எனக்கு உன்னை விட்டுவிட மனசில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

அங்கே தினம் ஒரு டெஸ்ட். "நாத்து எவ்வளவு வளந்திருக்கும்? வீட்டுக்குப் போலாமாடி?" என்று கேட்டாய். "ரிப்போர்ட் வரட்டும்" என்றேன். மூன்று முறை கேட்டாய், மூன்று முறையும் அதையேதான் சொன்னேன். பிறகு நீ கேட்கவில்லை. பாதி ஆட்டத்தில் போனை என்னிடம் நீட்டி, "நீயே தள்ளு" என்றாய். குரலில் கோபம்கூட இல்லை. நான் தள்ளினேன்.

ஒன்பதாம் நாள் ஆம்புலன்ஸில் உன் உடலோடு ஊருக்கு வந்தோம். தண்ணீர் தெளிக்க ஆளில்லாமல் நாற்று மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தது. உன் அம்மா அதைக் குடிலிலும் வைக்கவில்லை, தூக்கியும் போடவில்லை.

இப்போது அந்தப் பெட்டியை ஒரு முறை தள்ளிப் பார்த்தேன். நகர்ந்தது. கையை எடுத்துவிட்டேன். போய்ச் சேராது என்பது இப்போது எனக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. உன் வீட்டில், உன் நாற்றுக்குப் பக்கத்தில் நீ இருந்திருக்க வேண்டிய ஒன்பது நாளை எடுத்துக்கொண்டது நான்தான்.