பிடிமண்

நடுவட்டம்,
வியாழக்கிழமை காலை.

அன்பு மகன் ஹரிஹரசுதனுக்கு அம்மா ஆசி கூறி எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். மனசைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. கோயம்புத்தூரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். என் போன் பத்து நாளாக உன் அப்பாவிடம்தான் இருக்கிறது. கேட்டு வாங்கினாலும் சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். அதனால் காய்கறி வண்டி ஓட்டும் அம்புரோஸ் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

கோயில் வரி விஷயம் உனக்குத் தெரியாததில்லை. பஜார் கமிட்டி கேட்டதையெல்லாம் மேட்டு லைன் வீடுகளில் இருக்கிற நாம் நாற்பது வருஷமாகக் கொடுத்து வந்தோம். கமிட்டியில் நமக்கு ஒரு நாற்காலி கிடையாது. சாமி ஊர்வலம் நம் மேட்டுக்கு ஏறியதும் கிடையாது. இந்த வருஷம் நம்முடையது மாதிரி டீக்கடைகளுக்கென்று தனி வரி போட்டார்கள். கட்டாத வீட்டுச் சாவுக்குப் பந்தல் சாமான் தர மாட்டோம் என்றும் சொன்னார்கள். ஏனுங்க, குடுக்கறதுக்கு மட்டும் நாங்க வேணுமுங்களா என்று உன் அப்பா கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து கேட்டாராம். உட்காருய்யா என்று அதட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். வரி அநியாயம்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் அடுத்த வீட்டு தெய்வம்மா விஷயம் அப்படி இல்லை கண்ணு. கமிட்டிச் செயலாளர் விஜயபாஸ்கர் வரி கேட்டு வந்து சத்தம் போட்டது நிஜம். அவள் சண்டையைப் பார்க்கக் குடத்தோடு ஓடி வந்தாள். பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்தது. அவன் பத்தடி தள்ளி நின்றான். நான் வாசலில் நின்று பார்த்தேன். கட்டுப் போட்டு உட்கார வைத்த பிறகு போட்டோ எடுத்து, வரி கேட்டு வந்தவங்களால இவளுக்கு என்ன ஆச்சு பாரு என்று உனக்கு அனுப்பியதும் நான்தான். கோபத்தில் அப்படி எழுதிவிட்டேன். நீ அதையே நோட்டீஸாக அச்சடித்து, வரிக்காக உடைத்த மண்டை என்று சிவப்பு எழுத்தில் போட்டாய். உன் மகன் என்னமா எழுதறான் என்று எல்லோரும் சொன்னபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நம் ஆட்கள் பஜாரில் டீகூடக் குடிப்பதில்லை. தனிக் கோயில், தனிக் கமிட்டி என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பஜார்காரர்களும் சும்மா இல்லை. மேட்டுக்காரர்கள் அம்மன் நகையைத் தூக்க வரப்போகிறார்கள் என்று போனில் பேசிப் பரப்புகிறார்கள். கூடலூர் பஸ்ஸுக்கு நான் இப்போது பஜாரில் நிற்பதே இல்லை.

தெய்வம்மாவிடமே போனேன். நீ வழுக்கித்தானே விழுந்தாய் என்று கேட்டேன். இல்லீங்கக்கா, அவன்தான் தள்ளுனான், சோத்துக் கையாலதான் தள்ளுனான் என்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை, அப்படியே நம்புகிறாள். உன் நோட்டீஸை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமான பயம் பிடித்தது. உன் அப்பாவிடம் சொன்னேன். இப்பப் போயி இதைச் சொன்னா நம்ம நியாயமெல்லாம் பாழாப் போயிரும், வாயை மூடிட்டு இரு என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் ஆபத்து. தாய்க் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வராமல் புதுக் கோயில் எழுப்ப முடியாது என்பது உனக்குத் தெரியும். எந்த அம்மனை விட்டுப் பிரிகிறோமோ, அவள் காலடி மண்தான் வேண்டும். முறையாகக் கேட்டால் கொடுப்பது வழக்கம். நம்மவர்கள் போய்க் கேட்டார்கள், கமிட்டி மறுத்துவிட்டது. மண்ணைத் தொட்டவன் கை இருக்காது என்று விஜயபாஸ்கர் சொன்னானாம். மேளம் இல்லாமல் அறுபது பேர் விடிகாலையில் இறங்கி எடுத்து வருவதாக முடிவு செய்திருக்கிறார்கள். மண்ணை மடியில் ஏந்தப் போவது உன் அப்பா. சர்க்கரையும் பிரஷரும் உள்ள மனுஷன் முன்னால் நடக்கப் போகிறார். நேற்று நம் டீக்கடைக்குப் பின்னால் இளந்தாரிகள் விறகை அளவு பார்த்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்புக்கு அவ்வளவு நீளம் எதற்கு?

நீ வராதே. வந்தால் உன்னையும் முன்னால் நிறுத்துவார்கள். அங்கிருந்தே இன்னொரு நோட்டீஸ் எழுதி எல்லோர் போனுக்கும் அனுப்பு. தெய்வம்மா வழுக்கி விழுந்தாள், யாரும் தள்ளவில்லை, வரி மட்டும்தான் அநியாயம் என்று போடு. நீ எழுதினால்தான் நம்புவார்கள். நான் சொன்னால் பஜார்காரர்களிடம் விலை போய்விட்டாள் என்பார்கள். உன் பெயர் கெடும், அப்பாவும் உன்னோடு பேச மாட்டார். அம்மா தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று என் மேல் பழியைப் போடு. அது பொய்யும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் நீ எழுதாவிட்டால், ஞாயிறு காலை அந்தக் கூட்டத்தோடு நானும் இறங்குவேன். கோயில் வாசலில் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று பார்த்ததைச் சொல்வேன். அதற்குப் பிறகு மேட்டில் யாரும் என் முகத்தில் விழிக்க மாட்டார்கள். அதற்கு நான் தயார்.

அம்மன் உனக்கு நீண்ட ஆயுசு கொடுக்கட்டும். அவளுக்குக் கோயில் மெதுவாகக் கட்டிக்கொள்ளலாம் கண்ணு. உன் அப்பா வெறுங்கையோடு வந்தாலும் சரி, வீடு வந்து சேரட்டும்.

உன் அம்மா
ஜோதிமணி