அவர் பல், அவள் பல்

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே மழை. தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ நனைந்து வந்தது, பாதி அழுகல்.

ஸ்டுடியோவுக்குப் போனேன், என் வீட்டுக்காரர் படம் வாங்க. அவர் போய் ஐந்து மாதம். இப்போதுதான் சுவரில் மாட்ட மனம் வந்தது. பார்த்தால் ஸ்டுடியோப் பையன் அவர் முன்பல் இடைவெளியை அடைத்து வைத்திருக்கிறான்.

"அழகா இருக்கட்டும்னு கம்ப்யூட்டர்ல சரி பண்ணினேன்க்கா."

"இது யாரு? எங்க வீட்டு ஆளைத் தா."

வாங்கவில்லை. அந்த இடைவெளியில் விசிலடித்துத்தான் பூ மூட்டையைத் தூக்கி வருவார். சந்தையே விலகும்.

மாலை அவர் தங்கை ஸ்டெல்லா. என் மகள் ஜெபாவுக்கு ஒரு இடம் கொண்டுவந்தாள், பையன் துபாயில். போட்டோ பார்த்த பையனின் அம்மா, பிள்ளை லட்சணம், முன்பல்லை மட்டும் அடைத்தால் பேசலாம் என்றாளாம்.

"சின்ன விசயம் மைனி. நடுவில பஸ்ஸே போவும் போலன்னு சிரிச்சாவ."

"ஒங்க அண்ணனுக்கும் அதே பல்லுதான். அப்ப நீ சிரிச்சியா?"

"அண்ணன் ஆம்பள."

ஜெபா அடுக்களையில். காதில் விழுந்திருக்கும்.

ஜூன் 11, புதன்

வெயில். மூன்று கல்யாண மாலை. நூல்கண்டு காணோம், கட்டிலடியில் கிடந்தது. ஜெபா நேற்றிலிருந்து கஞ்சி மட்டும். பேசினால் வாயைக் கையால் மூடுகிறாள். அப்பா நினைப்பு என்று விட்டேன். நானும் சில நாள் அப்படித்தானே.

ஜூன் 12, வியாழன்

விட்டது தப்பு. காலையில் அவள் மேலுதடு வீக்கம்.

"ஏட்டி, வாயத் தெற."

மாட்டேன் என்றாள். தாடையைப் பிடித்துத் திறந்தேன். இரண்டு முன்பல்லையும் சேர்த்து என் பூ கட்டும் நூல். என் முடிச்சு. சின்னதில் நான் பழக்கினது. இழுக்க இழுக்க இறுகும், அவிழாது. திங்களே கட்டினாளாம். மறுநாள் அறுக்கப் பார்த்தால் நூல் ஈறுக்குள். சொல்லப் பயம்.

"நூலை இறுக்கினா பூ நெருங்கி நிக்கும்லா, அது மாதி..."

அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்க வரவில்லை, அழுகைதான் வந்தது.

பஸ் பிடித்து நாகர்கோவில். பல் டாக்டர், பெண். நூலை வெட்டி எடுத்தாள். இரண்டு பல்லும் ஆட்டம். என் படிப்பு ஆறாம் வகுப்பு வரைதான், விளங்கினதை எழுதுகிறேன்:

- பல் வேர்ப்பக்கம் போகப் போகக் கூம்பு. நூலோ ரப்பரோ கட்டினால் அது வழுக்கி ஈறுக்குள் ஏறும். எலும்பு கெடும், பல்லே விழும்.
- இவள் இடைவெளி நோய் இல்லை. மேலுதட்டு உள்ளிருந்து ஒரு சதைக்கயிறு பல்லுக்கு நடுவே இறங்கியிருக்கிறது. அப்பா வழி.
- இல்லாத இடைவெளி புதிதாய் வந்தால், ரத்தம் வந்தால், அது ஈறு நோயாக இருக்கலாம். உடனே காட்டணும்.
- அடைக்க: கம்பி. இல்லை, பல் நிறத்தில் பசை. கம்பி எடுத்த பிறகும் பல்லுக்குப் பின்பக்கம் மெல்லிசாய் ஒரு கம்பி வேண்டும், இல்லையென்றால் மறுபடி விலகும்.
- அடைக்காவிட்டால்? ஒன்றும் ஆகாது.

ஆடும் பல்லைப் பக்கத்துப் பல்லோடு கம்பி ஒட்டிப் பிடித்து வைத்திருக்கிறாள். நிற்குமா என்று கேட்டேன். அடுத்த வியாழன் பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

ஜெபத்தில் இன்று கெஞ்சவில்லை. ஆண்டவரே, ஆளை எடுத்தீர். பல்லையாவது விடும் என்றேன்.

ஜூன் 19, வியாழன்

தூறல். டாக்டர் பல்லைத் தட்டினாள், அசைத்தாள். வீக்கம் இறங்கிவிட்டது. பல் பிடிக்கிறது, நிற்கும் என்றாள். கம்பி இன்னும் கொஞ்ச நாள்.

நான் முந்திக்கொண்டு, "இவளுக்கு அடைக்க வேண்டாம் டாக்டர்" என்றேன். டாக்டர் என் பக்கமே திரும்பவில்லை. ஜெபாவிடம், "நீ சொல்லு" என்றாள்.

"இப்போ வேண்டாம். எனக்கா தோணிச்சுன்னா வாறேன்."

ஒருநாளும் வேண்டாம் என்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

நல்ல காற்று. அவர் படம் நேற்று வந்தது, இடைவெளியோடு. மாட்டியாச்சு.

சர்ச் முடிந்து ஸ்டெல்லா.

"பையன் வீட்டுக்கு என்ன சொல்ல மைனி? நல்ல எடம், போயிரும்."

"போவட்டும். பல்லும் இருக்கு, எடவெளியும் இருக்கு. அதக் கண்டு சம்மதம்னா வரட்டும்."

"பொம்பளப் பிள்ளைய வச்சிக்கிட்டு, ஆம்பளத் தொண இல்லாம, இவ்வளவு வாயா?"

"ஆம்பள இருந்தப்ப அவரு பேசினாரு. இப்ப நான் பேசுதேன். டீ ஆறுது, குடி."

குடித்தாள். போகும்போது படத்தின் முன்னால் நின்றாள். "விசிலடிக்கப் போற மாதியே இருக்கான்" என்று மூக்கைத் துடைத்தாள்.

அவள் போனதும் ஜெபா கேட்டாள், "எம்மா, நான் பின்னால அடைச்சா வருத்தப்படுவியா?"

"படுவேன். அழுவேன். அழுதுட்டு பூக்கெட்டப் போவேன். பல்லு ஒன்னுது மக்கா."

சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை.

நாளைக்குப் பிச்சி இரண்டு கிலோ. நூல்கண்டு புதிது வாங்கணும்.