அத்தாவின் குரலும் ஒரு சராசரிக் கோடும்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து மழை. அத்தாவின் குரல்நாண் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம். என் ஸ்பீச் தெரபி கோர்ஸுக்காக இன்று அவர் குரலைப் பதிவு எடுத்தே தீர வேண்டும்.

முதல் தடவை: தகரக் கூரையில் மழை. வீண்.
இரண்டாம் தடவை: ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சாஃப்ட்வேர் போடும் கோட்டில் கீழ்ச்சுருதிப் பக்கம் ஒரு மேடு. வீண்.
மூன்றாம் தடவை: அப்பாடா.

அத்தா மட்டாஞ்சேரி - களமசேரி பஸ்ஸில் இருபத்தாறு வருடக் கண்டக்டர். பாடம் வாசிக்கச் சொன்னால் மதரஸாப் பையன் மாதிரி முணுமுணுக்கிறார். ஸ்டாப் பெயர்களைக் கூவச் சொன்னேன். "தோப்பும்படி! தேவர! பள்ளிமுக்கு!" அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கப்பைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நிமிடக் குரலையும் சாஃப்ட்வேர் சராசரி போட்டு ஒரே கோடாக்கும். சொற்கள் போய்விடும், எந்தச் சுருதியில் எவ்வளவு பலம் என்பது மட்டும் மிஞ்சும். காற்றாய்க் கசியும் குரல் என்றால் கோடு மேல்சுருதிப் பக்கம் தடாலென்று விழும். ஆபரேஷனுக்கு முந்திய கோடு அப்படித்தான். இன்றைய கோடு எழும்பி நிற்கிறது! இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அதே கோடு.

அத்தாவிடம் காட்டினேன். "கொரல் திரும்பிருச்சு அத்தா."
"ஒறப்பா மோளே? நிச்சயந்தானா?"
"ஒறப்பு."

ஜூலை 9, புதன்
லேப்டாப் இரண்டு முறை நின்றுபோனது. கோட்டைக் காட்டலாமென்றால் காலேஜ் டீச்சர் வெள்ளிக்கிழமைதான் வருவாராம். துணி காயவில்லை.

அத்தா பஸ் முதலாளிக்கு ஃபோன் போட்டுவிட்டார். நாளை முதல் டியூட்டி. டாக்டரைப் பார்க்க இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்றேன். "நீதானே மோளே பாத்துச் சொன்னே. பதிலுக்கு நிக்கிற பையனே போதும்னுட்டா என் ஸீட்டு போயிரும்." தடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோட்டை நினைத்தால் பெருமையாக இருந்தது, அதுதான் உண்மை.

ஜூலை 10, வியாழன்
பதினொன்றரைக்கே வீடு. அத்தாவை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டவர் பஸ் டிரைவர் சேட்டன். "இடப்பள்ளி வரை ஓகே ஆயிருன்னு. பின்னே ஒச்சயே இல்லா." சத்தமே வரவில்லையாம்.

மத்தியானம் டாக்டர். உள்ளே வீக்கம். மறுபடி மௌனம், எத்தனை நாள் என்று சொல்ல மாட்டேன் என்கிறார். யார் கூவச் சொன்னது என்று கேட்டார்.

கோடு எப்படிப் பொய் சொல்லும்?

ஜூலை 11, வெள்ளி
டீச்சரிடம் இரண்டு கோடுகளையும் காட்டினேன். அவர் அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "கிராஃப் கண்டு. ஆடியோ கேட்டோ?"

கேட்கவில்லை. முழுசாக ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மழை இல்லை, ஃபேன் இல்லை என்று பார்த்ததோடு சரி.

ஹெட்ஃபோன் மாட்டினேன். "மேனக", அத்தா. "கலூ...", காற்று. "கலூர்! இடப்பள்ளி!", அது அம்மா! கண்டக்டர் சொல்வதை வாசலில் நிற்கும் 'கிளி' என்கிற கிளீனர் திருப்பிக் கூவும் வழக்கம் பஸ்ஸில் உண்டு. வீட்டில் அத்தாவுக்கு அம்மாதான் கிளி, கல்யாணம் ஆன நாளிலிருந்து. அத்தா நின்ற இடத்திலெல்லாம் அவள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள், கப்பையை உரித்துக்கொண்டே. அந்த அறையில்தான் நானும் இருந்தேன். எனக்கு அது வீட்டுச் சத்தம். காதில் ஏறவே இல்லை.

சராசரியில் உரத்த குரலுக்குத்தான் செல்வாக்கு. நான் அளந்தது அம்மாவின் தொண்டையை.

அம்மா பகுதிகளை வெட்டிவிட்டு மறுபடி போட்டேன். கோடு விழுந்தது. ஆபரேஷனுக்கு முந்திய மே மாதக் கோட்டுக்கும் இதற்கும் மயிரிழை வித்தியாசம்.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் வீட்டிலிருந்தே ஆரம்பித்திருக்கிறேன். எருமை. எருமை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

ஜூலை 12, சனி
வெயில், அதிசயமாக. அம்மா மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், நடக்கவில்லை.

பேசக் கூடாது என்பதால் என் நோட்டை இழுத்தார். தமிழைத்தான் எழுதினார், மலையாள எழுத்தில், வழக்கம்போல:

"அவ சொன்னது எனக்கும் கேட்டுச்சு மோளே. ஒன் மெஷின் அதக் கழிச்சிட்டுத்தான் சொல்லுதுன்னு நெனச்சேன்."

நான் படித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு நோட்டை வாங்கி, கீழே இன்னொரு வரி:

"அவகிட்ட சொல்லாத. அப்பறம் வாயே தொறக்க மாட்டா."