அழுத்தாமல் வைத்த விரல்

8.2.1988, திங்கள்

இன்று அஞ்சலில் சேர்த்த கடிதத்தின் நகல்:

‘பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் திரு. தசரதன் அவர்களின் சமூகத்திற்கு, கோவில்பதாகையிலிருந்து மாணவி ஞானகுமாரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மூன்றாம் பாடத்திற்கான விடைத்தாளைப் பன்னிரண்டு நாட்கள் தாமதமாக அனுப்ப நேர்ந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். தாமதத்திற்குக் காரணம் சோம்பல் அன்று. கற்றதை உடனுக்குடன் நடைமுறைப்படுத்தி வந்தமையால் எழுத நேரம் வாய்க்கவில்லை.’

கடைசி வாக்கியத்தை மூன்று முறை வாசித்துப் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் எழுதிய வாக்கியம் என்று எவரும் சொல்ல முடியாது.

‘அன்றாட வாழ்வில் ஆயுர்வேதமும் சீன அழுத்த மருத்துவமும்’ — அஞ்சல்வழியே மாதம் ஒரு பாடம், பன்னிரண்டு பாடங்கள், இறுதியில் சான்றிதழ். நாற்பத்தொரு வயதில் என் பெயர் அச்சிட்ட சான்றிதழ் சுவரில் தொங்கப்போகிறது. ஆணி இப்போதே அடித்தாயிற்று.

வீட்டில் இரண்டாம் பாடத்தின்படி விடியலுக்கு முன் எழுதல், செப்புப் பாத்திரத்து நீர், உச்சிவேளையில் பெரிய உணவு. இவர் டாங்கி ஃபேக்டரியில் ஷிப்டு மாற்றி ஷிப்டு போகிறவர். “சீனாக்காரனும் நம்மாளும் ஒண்ணா சேந்துகினு என்னை ஒரு டீ குடிக்க வுட மாட்றானுங்க ஞானம்” என்கிறார். சிரித்துக்கொண்டே சொல்கிறார். ஆனாலும் அந்த நீரைக் குடித்துவிடுகிறார்.

12.2.1988, வெள்ளி

எங்கள் கம்பெனியில் கம்பிச் சுருள் (காயில்) சுற்றும் பிரிவில் பெண்கள் முப்பது பேர். தலைமுடியைவிட மெல்லிய செப்புக்கம்பியை லென்ஸுக்குக் கீழே வைத்து எட்டு மணி நேரம் பார்த்தால் தலை என்ன ஆகும்? மதிய இடைவேளையில் பாதிப்பேர் நெற்றியைப் பிடித்துக்கொண்டுதான் டிபன் டப்பாவைத் திறக்கிறார்கள்.

மூன்றாம் பாடத்தில் தலைவலிக்குரிய புள்ளி உள்ளது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் கூடும் சதையில், பெருங்குடல் பாதையின் நான்காம் புள்ளி. மூன்று நிமிடம் ஆழ அழுத்த வேண்டும். சென்ற வாரம் தொடங்கினேன். முதலில் கை நீட்டியவள் நசீம் பானு. நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருகிற பெண், இருபத்து மூன்று வயது, இன்னும் டெம்பரவரிதான். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். எழுந்ததும், “ஞானக்கா, உன் கையில இன்னா கீது? மாத்திரையாட்டம் கேக்குதே!” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் வருகிறாள்.

16.2.1988, செவ்வாய்

இன்று ஏழு பேர். நான் சாப்பிட மறந்தேன்.

3.3.1988, வியாழன்

நான்காம் பாடம் வந்துவிட்டது. தலைப்பு ‘விலக்குகள்’. நாளை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவேன். விதியை அறிந்து செய்கிறவளுக்கும் பழக்கத்தால் செய்கிறவளுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களும் அறியட்டும்.

4.3.1988, வெள்ளி

வாசித்துக் காட்டினேன். ஏன் வாசித்தேன்? முன்னதாக ஒருமுறை எனக்கு நானே வாசித்திருக்கக் கூடாதா?

மதியம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆறாம் பக்கத்தைக் கணீரென்று வாசித்தேன். ‘பெருங்குடல் பாதையின் நான்காம் புள்ளியைக் கருவுற்ற பெண்களுக்கு எக்காரணத்தை முன்னிட்டும் அழுத்தலாகாது. கரு கலையும் வாய்ப்புண்டு.’ சொல்லி முடித்து நிமிர்ந்தால் நசீமின் முகம் வெளுத்துக் கிடக்கிறது. நீட்டியிருந்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். வேறு யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மாலை பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினோம். ஆவடி வந்தது. நான் இறங்கவில்லை. நெமிலிச்சேரி வரை அவளோடு போனேன். பெட்டி காலியான பிறகுதான் வாய் திறந்தாள்.

“ரெண்டு தபா போச்சுக்கா. இது மூணாவது. ஊட்ல அவருக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். இன்னும் அம்பத்தேழு நாளு. அதுக்குள்ள தெரிஞ்சிச்சின்னா, சூப்பர்வைசரு நின்னுக்கோன்னுடுவாரு. இருநூத்தி நாப்பது நாளு ரொம்பிச்சின்னா பர்மனென்ட்டு லிஸ்ட்ல பேர் வரும், அப்பால லீவு வாங்கிக்கலாம்.”

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள்: “நாலு வாரமா நல்லா அழுத்திக்கினே இருந்தியே. அதால எதுனா ஆயிருக்குமா?”

ஒன்றும் ஆகியிருக்காது என்றேன். எந்தப் பாடத்தை வைத்துச் சொன்னேன்? தெரியாது. வாய் தானாகச் சொன்னது. அவள் இறங்கிப் போனாள். நான் எதிர்ப்பக்கம் கடந்து ஆவடிக்குத் திரும்பினேன். வழியெல்லாம் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

5.3.1988, சனி

ஆசிரியருக்குக் கடிதம். ‘மூன்றாம் பாடத்தின்படி நான்கு வாரம் அழுத்திய பிறகே கருவுற்றிருப்பது தெரியவந்தால் செய்யத்தக்கது யாது? விலக்கு நான்காம் பாடத்தில் வருமெனில், மூன்றாம் பாடத்திலிருந்து நான்காம் பாடம் வரையுள்ள ஒரு மாதத்தில் மாணவர் என்ன செய்வது?’ தபால்காரர் பெட்டியைத் திறக்கும்வரை நின்று, கையிலேயே கொடுத்தேன்.

7.3.1988, திங்கள்

காலையில் ரயிலில் நசீம் நகர்ந்து தன் அருகில் எனக்கு இடம் விட்டாள். வலியோ வேறெதுவோ இல்லை என்று மட்டும் சொன்னாள். இனி அவள் கையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு வேலைக்குப் போனேன்.

எவ்வளவு பெரிய மடமை! விதியை வெள்ளிக்கிழமை நானே முப்பது பேருக்கும் ஓதிவிட்டேன். மதியம் நசீம் தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கன்னியம்மா விடுவாளா? பதினாறு வருஷம் காயில் சுற்றியவள், அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

“இன்னாடி நசீமு! தெனிக்கும் மொத ஆளா கைய நீட்டுவே. இன்னிக்கு மூடிகினு கீறே? ஞானக்கா அன்னிக்குப் படிச்சாங்களே, அந்த ஆறாம் பக்கமா? ஸ்வீட்டு எப்போ?”

எல்லோரும் சிரித்தார்கள். வாசற்படியில் சூப்பர்வைசர் தங்கவேல் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. நசீமைப் பார்த்தார்.

தொடாவிட்டால் தெரிந்துவிடும். தொட்டால்? ஐயோ, தொட்டால்?

“தலைவலிய வெச்சிகினு ஏன் அங்கயே உக்காந்துகினு கீறே? வா இங்க” என்றேன். நானே அப்படிப் பேசியதை என் காதாலேயே கேட்டேன். அவள் எழுந்து வந்தாள். கை சில்லென்றிருந்தது. என் கட்டைவிரலைப் புள்ளிக்கு ஓரங்குலம் தள்ளி, மணிக்கட்டருகே எலும்பின் மேல், ஒரு பூவை வைப்பதுபோல் வைத்தேன். அழுத்தவே இல்லை. முகத்தை மட்டும் பலங்கொண்டு அழுத்துகிறவளைப்போல் இறுக்கிக்கொண்டேன். மூன்று நிமிடம். கடிகார முள் நகர மறுத்தது.

“பாத்தியா, ஒண்ணும் இல்ல. நீ எதுக்குடி அவள வம்புக்கிழுக்கிறே” என்றாள் ஒருத்தி கன்னியம்மாவிடம். தங்கவேல் டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

நசீம் கண்ணைத் திறந்து, “வலி போச்சுக்கா” என்றாள்.

நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

8.3.1988, செவ்வாய்

ரயிலில் கேட்டேன். “நெசமாவே நேத்து தலைவலி போச்சா?”

“அல்லா மேல ஆணையா போச்சுக்கா. ஏன், நீதான அமுக்கினே?”

நான் அழுத்தவில்லை என்பது அவளுக்கே தெரியவில்லை! குழந்தைக்கு ஆபத்து வராத வேறொரு புள்ளியை நான் கண்டுபிடித்திருப்பதாக நினைத்திருக்கிறாள். உண்மையைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “அப்போ இன்னிக்கும் அப்டியே வெய்யி” என்றாள்.

12.3.1988, சனி

அரை நாள் விடுப்பு எடுத்து, நசீமை ஆவடியில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துச் சென்றேன். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, நான் செய்ததை நானே சொன்னேன். டாக்டர் அம்மாள் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. “கையைப் பிடிச்சதால ஒண்ணும் ஆகலம்மா, குழந்தை நல்லா இருக்கு. ரத்தம்தான் கம்மி. இந்த மாத்திரையை விடாம சாப்பிடச் சொல்லுங்க” என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நசீம் அழுதாள். நானும்.

19.3.1988, சனி

ஆசிரியரிடமிருந்து அஞ்சலட்டை. முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன், இரண்டே வரிதான்: ‘தங்கள் ஐயம் நியாயமானது. நான்காம் பாடம், ஆறாம் பக்கம் காண்க.’

23.3.1988, புதன்

எழுதவே கூசுகிறது. ஆனாலும் இந்த நோட்டில் பொய் எழுதியதில்லை.

நேற்று கன்னியம்மாவுக்குச் சரியான புள்ளியில், சரியான அழுத்தத்தில், மூன்று நிமிடம். இன்று அதே கன்னியம்மாவுக்கு நசீமுக்கு வைத்ததுபோல் சும்மா வைத்தேன். “நேத்தியவிட இன்னிக்கு சூப்பரா கீது ஞானக்கா. கை நல்லா பழகிடுச்சு உனுக்கு!” என்றாள்.

வீட்டுக்கு வந்து நான்கு பாடங்களையும் எடுத்து அலமாரியின் மேல்தட்டில் போட்டேன். இவர் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன் — எது புள்ளி, எது புள்ளியில்லை, இத்தனை நாள் நான் என்னதான் பண்ணிகினு இருந்தேன், எல்லாம் வேஷமா, நான் ஒரு கோமாளியா?

“எனக்கும்தான் தெனிக்கும் தோளை அமுக்கறே” என்றார் இவர். “எந்தப் புள்ளின்னு ஒருநாளாவது நான் பாத்தேனா? அந்த அஞ்சு நிமிசம் யாரும் என்னை கூப்புட மாட்டாங்க. கண்ண மூடிகினு கெடக்கலாம். அதான் ஞானம் எனக்கு.”

இதற்குப் பாராட்டு என்று பெயரா? எழுந்துபோய்ப் பாத்திரங்களைத் துலக்கினேன். பிறகு தோளை அழுத்தினேன்.

2.4.1988, சனி

நான்காம் பாடத்தின் கேள்வித்தாள் இன்னும் காலியாகவே கிடக்கிறது. ‘ஐந்தாவது வினா: அழுத்த மருத்துவத்தின் பயனை உமது அனுபவத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.’ நசீமின் பெயரை மாற்றி, அழுத்தினேன், தலைவலி நீங்கிற்று என்று எழுதினால் முழு மதிப்பெண். வாக்கியங்கள்கூட மனதில் தயாராக நிற்கின்றன. மிக நல்ல வாக்கியங்கள்.

எழுதவில்லை.

14.4.1988, வியாழன்

முப்பத்தோராவது முறை பொய்யாக அவள் கையைப் பிடித்தேன். புடவையை இப்போது முன்பைவிடத் தளர்வாகச் சுற்றிக்கொள்கிறாள். இன்னும் பதினாறு நாள்.

30.4.1988, சனி

நோட்டீஸ் போர்டில் ஐந்து பெயர்கள். நான்காவது நசீம் பானு. கன்னியம்மாதான் முதலில் பார்த்துக் கத்தினாள். நசீம் நேராகத் தங்கவேலின் மேசைக்குப் போய், மகப்பேறு விடுப்புக்கு எப்போது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவர் வாயில் வைத்த பேனாவை எடுக்கவே இல்லையாம்.

“ஏமாத்திட்டீங்களேடி ரெண்டு பேரும்!” என்று கன்னியம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு தன் டப்பாவிலிருந்த முட்டையை எடுத்து நசீமின் சோற்றில் வைத்தாள்.

15.9.1988, வியாழன்

பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. தாயும் சேயும் நலம்.

20.9.1988, செவ்வாய்

இன்று அனுப்பும் கடிதத்தின் நகல்:

‘பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, மாணவி ஞானகுமாரியின் வணக்கம். நான்காம் பாடத்தின் விடைத்தாளை ஆறு மாதம் தாமதித்து அனுப்புகிறேன். இம்முறை சொல்லத்தக்க காரணம் ஒன்றுமில்லை. உண்மையை எழுதும் துணிவு இதுவரை வரவில்லை.

ஐந்தாவது வினாவுக்கு என் விடை: பிப்ரவரி மாதத்தில் ஒரு பெண்ணின் கையை விதிப்படி அழுத்தினேன், தலைவலி நீங்கிற்று. மார்ச் மாதத்தில் அதே பெண்ணின் கையை அழுத்தாமல், புள்ளியிலும் வைக்காமல், வெறுமனே பிடித்திருந்தேன், அப்போதும் நீங்கிற்று. இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியது அதற்கு ஐந்து நாள் கழித்தே. கன்னியம்மாள் என்ற இன்னொருவரிடமும் அவர் அறியாமல் சோதித்தேன், அதே முடிவு. அவரிடம் பின்னர் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “அதனால இன்னா, நாளைக்கும் பிடி” என்றார். ஆகவே நீங்கியது எதனால் என்று எனக்குத் தெரியாது. இதற்கு மதிப்பெண் கிடைக்காது என்பதை அறிவேன்.

மேலும் ஒரு விண்ணப்பம். ஆறாம் பக்கத்து விலக்கை இனி அச்சிடும் மூன்றாம் பாடத்தின் முதல் வரியாகச் சேர்த்தருள வேண்டும். நான் இப்போது எல்லோருக்கும், கருவுற்றவர் கருவுறாதவர் என்ற பேதமின்றி, மணிக்கட்டருகே எலும்பின் மேல் மட்டுமே விரலை வைக்கிறேன். யார் எப்படியிருக்கிறார் என்பது இதனால் ஒருவருக்கும் தெரியாது.

தினமும் மதியம் ஒன்பது பேர் வருகிறார்கள். நான் அழுத்துவதில்லை என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். அப்படியும் வருகிறார்கள். நான் அவர்களுக்குச் செய்வதற்குப் பெயர் என்ன? பக்க எண் வேண்டாம். விரைவில் பதில் எழுதுங்கள்.’